பிரிந்தபின் எது நான்? பல உலகப் பார்வைக்குள் நான்கு ‘நான்’கள்

குவாண்டம் இயற்பியலின் பல உலகப் பார்வையை ஏற்கலாமா கூடாதா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. ஓர் அளவீட்டில் வரக்கூடிய முடிவுகள் எல்லாமே, ஒவ்வொன்றும் தனித்தனிக் கிளையில், நிகழ்கின்றன என்பது அந்தப் பார்வை. அதை ஏற்றுக்கொண்டவருக்கு அடுத்த நாள் வரும் தலைவலிதான் பேச்சு. ஓர் அளவீடு முடிகிறது. ஒரு கிளையில் பச்சை விளக்கைப் பார்க்கும் ஒருவர், மறு கிளையில் சிவப்பு விளக்கைப் பார்க்கும் ஒருவர். இருவருக்கும் உங்கள் பெயர், உங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண், உங்கள் முழங்கால் தழும்பு. இவர்களில் யார் நீங்கள்?

இந்தப் பார்வையைத் தொடங்கிவைத்த ஹியூ எவரெட்டுக்கு இந்தக் கேள்வி தெரியாமலில்லை. 1957-ல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அந்த ஆய்வின் தொடக்க வரைவில், நல்ல ஞாபகசக்தியுள்ள ஓர் அமீபாவை உவமை காட்டியிருந்தார். அமீபா இரண்டாகும்போது இரண்டுக்கும் பழைய ஞாபகம் முழுதாக இருக்கும். எது அசல் என்று கேட்க இடமில்லை. அச்சான கட்டுரையில் அமீபா இல்லை. கட்டுரையைப் படித்த இயற்பியலாளர் பிரைஸ் டிவிட், தான் பிரிவதாகத் தனக்குத் தெரியவில்லையே என்று ஆட்சேபித்தார். பூமி ஓடுவதும்தான் நமக்குத் தெரிவதில்லை என்று எவரெட் ஓர் அடிக்குறிப்பில் பதில் வைத்தார். நல்ல பதில்தான். ஆனால் அது ‘ஏன் தெரியவில்லை’ என்பதற்குத்தான் பதில். ‘எது நான்’ என்பது அப்படியே நிற்கிறது.

இயற்பியல் இதில் ஒரு கை கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். அலைச்சார்பு, அதாவது குவாண்டம் நிலையை விவரிக்கும் கணிதச் சார்பு, எப்படிப் பரிணமிக்கிறது என்று சமன்பாடு சொல்லும். ‘நான்’ என்ற சொல்லை எதன்மேல் ஒட்டுவது என்று சொல்லாது. ஒட்டுவதற்கு இன்று நான்கு வழிகள் முன்னணியில் இருக்கின்றன. எதை எடுத்தாலும் ஏதோ ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

முதலில் மேசையைப் பார்ப்போம்

ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக அனுப்பும் ஒரு மூலம். எதிரே ஓர் ஒளிப்பிரிப்பி: 90 சதவீதத்தைக் கடத்தி 10 சதவீதத்தைத் திருப்பும் கண்ணாடி. இரு பக்கமும் ஒவ்வொரு சிலிக்கான் டிடெக்டர். நேரே போனால் பச்சை, திரும்பினால் சிவப்பு. அலைச்சார்பில் பச்சைக்கு வீச்சு, அதாவது அந்த முடிவுக்கு அது தரும் எண், சுமார் 0.949, சிவப்புக்கு 0.316. இரண்டையும் வர்க்கப்படுத்தினால் 0.9, 0.1. இந்த வர்க்கத்தைத்தான் இனி ‘எடை’ என்று சொல்லப்போகிறோம். பலமுறை செய்துபார்த்தால் பத்துக்கு ஒன்பது பச்சை என்று ஆய்வகத்தில் வருவதும் இதுதான். போர்ன் விதி என்று பெயர்.

இப்போது கிளைகள் எத்தனை? ‘இரண்டு’ என்று பெரும்பாலோர் சொல்வார்கள். சொன்ன இடத்திலேயே சறுக்கல். அந்த வகை டிடெக்டர் வருகிற ஃபோட்டான் எல்லாவற்றையும் பிடிக்காது. அதற்கு உகந்த அலைநீளத்தில்கூடப் பத்துக்கு மூன்று நாலு தப்பிவிடும். ஆகவே ‘ஒன்றும் கிளிக் ஆகவில்லை’ என்று மூன்றாவது வகை. மூடிய இருட்டிலும் சாதனம் வினாடிக்குப் பத்துகளிலோ நூறுகளிலோ தானாகக் கிளிக் ஆகும், அது நாலாவது. கிளிக் விழும் நேரத்திலும் சில நூறு பிக்கோவினாடி தள்ளாட்டம் உண்டு. பத்து பிக்கோவினாடிக்கு ஒரு கிளை என்று வெட்டலாமா, ஒன்றுக்கு ஒன்று என்று வெட்டலாமா? கிளைகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்து வைப்பது டிகோஹிரன்ஸ், அதாவது சூழலோடு கலந்து குறுக்கீடு கரைந்துபோவது. அது படிப்படியாக நடப்பது. ‘இங்கே வெட்டு’ என்று கோடு போட்டுத் தராது. ஊரில் மொத்தம் எத்தனை மேடு என்று கேட்பதுபோல. மேடு இருப்பது உண்மை, எண்ணிக்கைக்குத்தான் விடை இல்லை.

எடைக்கோ விடை உண்டு. எப்படி வெட்டினாலும் பச்சை வகைகளின் எடையைக் கூட்டினால் மொத்தம் மாறாது. எண்ணாதே, எடை போடு: நான்கு வழிகளையும் உரசிப் பார்க்கையில் இந்த மேசை நினைவில் இருக்கட்டும்.

எதை வைத்து உரசுவது

ஐந்து கேள்விகள் போதும். ஒன்று, அளவீட்டுக்கு முன் ‘எனக்கு என்ன தெரியப்போகிறது’ என்ற எதிர்பார்ப்புக்கு இடம் தருகிறதா. இரண்டு, 0.9, 0.1 என்ற எடைகளைப் பொருளுள்ளதாக்குகிறதா, அல்லது அவற்றை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டுமா. மூன்று, கிளைகளை எண்ணச் சொல்கிறதா. எண்ணச் சொன்னால் மேலே பார்த்த பள்ளத்தில் விழும். நான்கு, ‘நாளை நான் ஊருக்குப் போவேன்’ போன்ற பேச்சைச் சிதைக்காமல் விடுகிறதா. ஐந்து, சாவு பற்றி அபத்தமாக எதையாவது சொல்லவைக்கிறதா. ஐந்தாவதைக் கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பார்க்கலாம்.

வழி 1: ஆரம்பத்திலிருந்தே பலர்

மனிதர் என்பவர் இந்தக் கணத்தில் நிற்கும் உடல் மட்டுமல்ல. பிறப்பிலிருந்து இறப்புவரை நீளும் ஒரு கோடு. இரு கோடுகள் ஒரு பகுதியைப் பொதுவாக வைத்திருக்கலாம். திருச்சிவரை ஒரே சாலையில் வந்து அங்கே பிரியும் இரண்டு பேருந்துத் தடங்கள் மாதிரி. தத்துவவாதி டேவிட் லூயிஸ் 1976-ல் மனிதர் இரண்டாகும் கற்பனைகளுக்காக இந்தப் படத்தை வரைந்தார். 2008-ல் சைமன் சாண்டர்ஸும் டேவிட் வாலஸும் இதைப் பல உலகப் பார்வைக்குக் கொண்டுவந்தார்கள். அளவீட்டுக்கு முன்பே நாற்காலியில் இருவர் இருக்கிறார்கள்: பச்சைக்காரர், சிவப்புக்காரர். வாய் ஒன்று, பேச்சு இரண்டு. ஒவ்வொருவரும் ‘எனக்கு எது தெரியுமோ’ என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் உண்மையான விடை உண்டு, தெரியாதது மட்டுமே குறை.

இதன் பலம் எதிர்பார்ப்பு பிழைப்பதுதான். ‘நாளை நான் பச்சையைப் பார்ப்பேனா’ என்பது அர்த்தமுள்ள கேள்வியாகவே இருக்கும். அன்றாடப் பேச்சுக்கும் சேதம் குறைவு.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது, நாற்காலியில் எத்தனை பேர் என்று கேட்டால் கிளைகள் எத்தனையோ அத்தனை என்றுதான் சொல்ல வேண்டும். கிளைகளுக்கோ எண்ணிக்கை இல்லை. அப்படியானால் ‘இங்கே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்’ என்பதற்கே விடையில்லாமல் போகிறது. தத்துவத்தில் பழகியவர்கள் தோளைக் குலுக்கிவிடலாம். மற்றவர்களுக்கு இது கடுக்கும். இரண்டாவது இன்னும் நுட்பமானது. பச்சைக்காரருக்கும் சிவப்புக்காரருக்கும் இப்போது ஒரே மூளை, ஒரே எண்ணம். ஒருவர் தன்னை மட்டும் தனியே சுட்டி ‘நான்’ என்று நினைக்க எந்த வழியுமில்லை. தமிழில் இதைச் சொல்லிப் பார்த்தால் இடுக்கு தெளிவாகத் தெரியும். பிரிவதற்கு முன் பேசும் வாய் வெளியாளிடம் ‘நாங்கள்’ என்று சொல்ல வேண்டும், தனக்குள் ‘நாம்’ என்று சொல்ல வேண்டும். ‘நான்’ என்று சொல்ல அதற்கு உரிமையே இல்லை. ஆனாலும் இந்த வழி மொத்தமாக நிற்பது அந்த ஒருமையின்மேல்தான்.

யாருக்கு ஏற்றது: பழைய பேச்சை விடமாட்டேன், அறியாமை என்றால் அறியாமையாகவே இருக்கட்டும் என்பவருக்கு.

வழி 2: அடையாளத்தை விட்டுவிடு, அக்கறையை வைத்துக்கொள்

தத்துவவாதி டெரிக் பார்ஃபிட் 1971-ல் எழுதிய கட்டுரையில் ஒரு முடிவுக்கு வந்தார்: எனக்குப் பிறகு என் ஞாபகத்தோடும் குணத்தோடும் தொடர்ந்து வருபவர் இருக்கிறாரா என்பதுதான் முக்கியம், அவர் ‘நானேதானா’ என்பது முக்கியமில்லை. ஒருவர் இருவரானால் இருவருமே தொடர்ச்சிதான். இருவரில் எவரையும் ‘நான்’ என்று தனித்துச் சொல்ல முடியாது, ஆனால் அது சாவும் அல்ல. மூளையைப் பாதியாக வெட்டிப் பொருத்தும் கற்பனைகளை வைத்து அவர் பேசியது, எவரெட்டின் அமீபாவுக்கு அச்சில் வார்த்ததுபோல் பொருந்துகிறது.

2004-ல் ஹிலரி கிரீவ்ஸ் இதைக் குவாண்டம் பக்கம் திருப்பினார். அளவீட்டுக்கு முன் உங்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை. பச்சையும் வரும், சிவப்பும் வரும், இரண்டையும் பார்க்கும் வாரிசுகள் இருப்பார்கள். ஆகவே 0.9 என்பது அறியாமையின் அளவு அல்ல, அக்கறையின் பங்கு. பச்சை வாரிசின் நலனுக்கு 0.9, சிவப்பு வாரிசின் நலனுக்கு 0.1. சொத்தைப் பங்கு பிரிப்பவர்போல முடிவெடுக்க வேண்டும், சூதாடுபவர்போல அல்ல.

சரி, ஏன் 0.9? சம பங்கு ஏன் கூடாது? இங்கேதான் இந்த வழி மற்றவற்றைவிடக் கெட்டியாக நிற்கிறது. டேவிட் டாய்ச் 1999-ல் தொடங்கிவைத்து வாலஸ் செதுக்கிய ஒரு நிறுவல் உண்டு. பகுத்தறிவோடு தேர்ந்தெடுப்பவர் சில எளிய விதிகளை ஏற்றால், போர்ன் எடையைத் தவிர வேறு பங்கீடு முரணில் முடியும் என்கிறது அது. அந்த விதிகளில் ஒன்று நம் மேசைக்கு நேராக வருகிறது: பலன் எதுவும் மாறாமல் கிளை மட்டும் இன்னும் நாலாகப் பிரிந்தால், அதைப் பொருட்படுத்தக் கூடாது. சம பங்கு கேட்பவர் இதை மீறுகிறார். பச்சை விளக்குக்குப் பக்கத்தில், பரிசுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு ஒளிப்பிரிப்பியை யாரோ வைத்தால் அவருடைய கணக்கு மாறிவிடும். இருட்டு கிளிக் ஒன்று விழுந்தால் மறுபடி மாறும். அப்படிப்பட்ட கணக்கை வைத்துக்கொண்டு காலையில் காபி போடக்கூட முடிவெடுக்க முடியாது.

செலவு? எதிர்பார்ப்பு போய்விடுகிறது. ‘எது வருமோ’ என்று வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பது இந்த வழியில் ஒரு பழக்கதோஷம், அவ்வளவுதான். குவாண்டம் எண்களால் குலுக்கும் சீட்டின் முடிவுக்குக் காத்திருப்பவரிடம் போய் ‘உனக்குத் தெரியாதது எதுவுமில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். இன்னொன்று: அறிவியலில் நாம் ஒரு கோட்பாட்டை நம்புவது, ‘இது நிகழும்’ என்று அது சொன்னது நிகழ்ந்ததால். நிகழ்தகவு வெறும் அக்கறையாகிவிட்டால், 90:10 என்று பார்த்த பதிவேடு கோட்பாட்டுக்கு ஏன் சான்றாகும் என்று தனியாக நிறுவ வேண்டியிருக்கிறது. நிறுவ முயன்றிருக்கிறார்கள், வேலை நடக்கிறது, ஆனால் சுற்றுவழி.

யாருக்கு ஏற்றது: முடிவெடுக்கத்தான் கணக்கு வேண்டும் என்பவருக்கு. என் ஓட்டு இதற்கே. எண்ணிக்கையை எங்குமே கேட்காத வழி இதுதான்.

வழி 3: பிரிந்தபின் வரும் ‘எங்கே இருக்கிறேன்’

லெவ் வைட்மன் 1998-ல் சொன்ன தூக்க மாத்திரைதான் இதன் உயிர். அளவீட்டுக்கு முன் மாத்திரை போட்டுத் தூங்குகிறீர்கள். பச்சை வந்தால் ஓர் அறைக்கு, சிவப்பு வந்தால் அச்சாக அதேபோன்ற மறு அறைக்கு உங்களைத் தூக்கிப் போகிறார்கள். கண் திறக்காமல் விழித்திருக்கும் அந்த நேரத்தில், தான் எந்த அறையில் இருக்கிறோம் என்பது உண்மையிலேயே தெரியாது. உலகம் முழுதும் தெரிந்தும் தன் இடம் மட்டும் தெரியாத நிலை. 2018-ல் சார்ல்ஸ் செபன்ஸும் ஷான் கரோலும் மாத்திரை தேவையில்லை என்றார்கள். டிடெக்டர் கிளிக் ஆனதும் அதன் மின்னோட்டம், வெப்பம், ஒளி எல்லாம் சுற்றிப் பரவும். மூன்று மீட்டரை ஒளி பத்து நானோவினாடியில் கடக்கும். விளக்கைக் கண் பார்த்து மூளை பிடிக்க இருநூறு மில்லிவினாடி பக்கம் ஆகும். இடைப்பட்ட நேரத்தில் நீங்கள் பிரிந்தாயிற்று. எந்தப் பக்கம் என்று தெரியாது.

எடையை இவர்கள் வரவழைக்கும் விதம் அழகானது. 90:10 பிரிவில் பெரிய பக்கத்தை, சூழலிலுள்ள ஏதாவது ஒன்பது நிலைகளோடு பின்னி, 0.316 வீச்சுள்ள ஒன்பது துண்டுகளாக்கலாம். இப்போது பத்தும் சம வீச்சு. பத்தில் ஒன்பது பச்சை. சம்பந்தமில்லாத சூழலை எப்படி மாற்றினாலும் என் நம்பிக்கை மாறக் கூடாது என்ற ஒரே விதி போதும். இங்கேயும் எண்ணுகிறார்களே என்று தோன்றும். சம வீச்சு வந்தபின் மட்டும் எண்ணுவதால் பிழைக்கிறார்கள். எடையே எண்ணிக்கையின் வேடம் போட்டு வந்திருக்கிறது.

குறை, காலம் தப்பியது. பந்தயம் கட்டுவது பிரிவதற்கு முன்னே. அறியாமை வருவது பின்னே. ‘என் வாரிசுகள் எல்லோரும் 0.9 நம்பிக்கை வைப்பார்கள், ஆகவே நானும் அப்படியே கட்டுகிறேன்’ என்று பாலம் போட வேண்டும். பாலத்தின் மறுகரை வழி 2-ன் வீட்டுக் கொல்லையில் போய் முடிகிறது. அந்த இருநூறு மில்லிவினாடியில் மூளையின் எண்ணங்கள் நிஜமாகவே இரண்டாகிவிட்டனவா, அல்லது சில அணுக்கள் மட்டும் விலகியிருக்க எண்ணம் இன்னும் ஒன்றுதானா என்பதும் தகராறில் இருக்கிறது.

யாருக்கு ஏற்றது: பதிவேட்டைப் பார்த்துக் கோட்பாட்டைச் சோதிக்கும் ஆய்வாளருக்கு. அவருடைய கேள்வி எப்போதும் நடந்து முடிந்ததைப் பற்றியது.

வழி 4: ஒருபோதும் ஒட்டாத உலகங்கள்

திருச்சிவரை ஒரே சாலை என்று எதற்குச் சொல்ல வேண்டும்? அச்சாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு சாலைகள் என்று சொல்லலாமே. உலகங்கள் பிரிவதில்லை, தொடக்கத்திலிருந்தே தனித்தனி, ஒரு கட்டம்வரை ஒன்றுக்கொன்று வேறுபாடு இல்லை, பிறகு விலகுகின்றன. அலஸ்டர் வில்சன் இதை விரிவாக வாதிடுகிறார். சாண்டர்ஸும் பிறகு இந்தப் பக்கம் சாய்ந்தார். இப்போது நாற்காலியில் ஒருவரே. ‘நான்’ ஒருமையாகவே நிற்கும். ‘நாளை என்ன வரும்’ என்பது சாதாரண அறியாமை. பேச்சு வழக்கில் முழு மதிப்பெண்.

கணிதம் இதைக் கட்டாயப்படுத்தவுமில்லை, தடுக்கவுமில்லை என்பதுதான் இதன் விலை. ஒரே சமன்பாட்டைப் பார்த்து ஒருவர் ‘ஒட்டியிருக்கிறது’ என்கிறார், மற்றவர் ‘ஒட்டவில்லை’ என்கிறார். தீர்க்கச் சோதனை கிடையாது. வசதியாக இருக்கிறது என்பதற்காக ஒரு படத்தை வரைந்து, பிறகு அதையே காரணமாகக் காட்டுவது போலிருக்கிறது என்ற புகாருக்கு இதுவரை கிடைத்த பதில்களில் எதுவும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை.

1988-ல் டேவிட் ஆல்பர்ட்டும் பாரி லோவரும் முன்வைத்த ‘பல மனங்கள்’ வழியும் உண்டு. ஒவ்வொரு மூளைக்கும் எண்ணிலடங்கா மனங்கள், அவை சீட்டுக் குலுக்கியதுபோல் கிளைகளுக்குப் போகும். எதிர்பார்ப்பும் எடையும் உடனே கிடைக்கும். ஆனால் இயற்பியலுக்கு வெளியே மனம் என்று ஒரு பொருளைச் சேர்க்க வேண்டும். சமன்பாட்டில் எதையும் சேர்க்காமலிருக்கத்தான் எவரெட்டிடம் வந்தோம். வாசல்வரை வந்து திரும்பிப் போவானேன்.

பக்கத்தில் பக்கம் வைத்தால்

| | 1. ஆரம்பத்திலிருந்தே பலர் | 2. அக்கறைப் பங்கு | 3. இடமறியாமை | 4. ஒட்டாத உலகங்கள் |
|---|---|---|---|---|
| முன்கூட்டி எதிர்பார்ப்பு | உண்டு | இல்லை | பிரிந்தபின் மட்டும் | உண்டு |
| எடை எங்கிருந்து | தனியே தர வேண்டும் | தேர்வு விதிகளிலிருந்து | சூழல் பொருட்டல்ல என்ற விதியிலிருந்து | தனியே தர வேண்டும் |
| எண்ணச் சொல்கிறதா | ஆம், அங்கேதான் அடி | இல்லை | சம வீச்சில் மட்டும் | உலகங்கள் எத்தனை என்று கேட்டால் இடறும் |
| அன்றாடப் பேச்சு | ஏறக்குறையச் சரி | திருத்த வேண்டும் | பாதி | சரி |
| எப்போது எடுக்கலாம் | எதிர்காலத்தைப் பற்றிப் பேச | முடிவெடுக்க | முடிவைச் சோதிக்க | பழைய பேச்சை முழுதாகக் காக்க |

நடைமுறையில் எங்கே தவறுகிறது

முதல் தவறு, எல்லா நிச்சயமின்மையையும் கிளை என்று எடுத்துக்கொள்வது. ஒட்டிய உறைக்குள் இருக்கும் பயாப்சி அறிக்கை உங்களைப் பிரிக்கப்போவதில்லை. திசு ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. இது பழைய சாதாரண அறியாமை. ‘ஒரு நானுக்கு நல்ல செய்தி வரும்’ என்று ஆறுதல் தேட இந்தப் பார்வையில் இடமில்லை. ‘நான் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் மறு முடிவு எடுத்த உலகம் உண்டு’ என்பதும் அப்படியே. நன்றாக யோசித்து எடுத்த முடிவு மூளையில் பெரும்பாலும் உறுதியாகவே நடக்கும். மாறாக எடுத்த கிளை இருந்தாலும் அதன் எடை அற்பம்.

இரண்டாவது தவறு ஆபத்தானது. செத்த கிளையில் பார்ப்பவர் இல்லை, ஆகவே நான் எப்போதும் பிழைத்த கிளையிலேயே இருப்பேன் என்ற வாதம் 1980-களின் பிற்பகுதியிலிருந்து சுற்றுகிறது. நான்கு வழிகளில் எதிலும் இது தேறாது. வழி 2-ல் பாதிக்குப் பாதி ஆபத்தைப் பத்துமுறை கடந்த வாரிசின் எடை 1024-ல் ஒன்று. மீதி 1023 பங்கில் உங்கள் வீட்டார் அழுதுகொண்டிருக்கிறார்கள், அந்தப் பங்கும் உங்கள் அக்கறைக்குரியதே. 1-லும் 4-லும் நாற்காலியில் இருப்பவர் அநேகமாகச் சாகும் கோட்டுக்காரர், அவ்வளவுதான். 3-ல் பிழைத்தவர் பிறகு தன்னைக் கண்டு வியக்கலாம். அந்த வியப்பை முன்கூட்டிக் கடன்வாங்க முடியாது. லூயிஸ் 2001-ல் கான்பெராவில் ஆற்றிய உரையில் வாதத்தின் உள்ளேயே நுழைந்து பார்த்தார். சாவு ஒரே கணத்தில் வருவதில்லை. வாதம் சரியென்றே வைத்தாலும் அது உறுதியளிப்பது சாகாமல் நலிந்துகொண்டே போகும் உடலைத்தான் என்று எச்சரித்தார்.

மூன்றாவது, பணம். குவாண்டம் எண்களால் குலுக்கப்படும் ஒரு சீட்டு என்று வையுங்கள். ‘ஏதோ ஒரு கிளையில் நிச்சயம் எனக்கு விழும்’ என்பது உண்மை. அதனால் சீட்டின் மதிப்பு ஒரு பைசா ஏறாது: பத்து லட்சத்தில் ஒரு பங்கு எடையுள்ள வாரிசுக்கு ₹10 லட்சம் கிடைத்தால் சீட்டின் மதிப்பு ஒரு ரூபாய்தான், கடையில் ₹50 கேட்டாலும்.

காப்பீட்டில்தான் நான்கு வழிகளின் பேச்சு வேறாகவும் கணக்கு ஒன்றாகவும் இருப்பதை நேரில் பார்க்கலாம். 0.01 எடையுள்ள கிளைகளில் ₹1 லட்சம் நட்டம். பிரீமியம் ₹1,200. நட்டத்தின் எடை போட்ட மதிப்பு ₹1,000. மேலே ₹200 கூடுதல். 1, 4-ஐ எடுத்தவர் ‘நான் நட்டப்படும் ஆளாக இருக்கலாம்’ என்று கட்டுவார். 3-ஐ எடுத்தவர், நாளை கண் திறக்குமுன் தவிக்கப்போகிறவருக்காகக் கட்டுவார். 2-ஐ எடுத்தவர் சொல்வதுதான் எனக்குப் பிடித்தது. பிரிந்தபின் ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்கு ஒரு தபால் அட்டைகூடப் போகாது. நன்றாக இருக்கும் வாரிசுகளிடமிருந்து நொடித்துப்போன வாரிசுக்குப் பணம் போக ஒரே வழி, பிரிவதற்கு முன்பே எல்லோர் கையிலிருந்தும் ₹1,200 எடுத்து வைப்பது. அந்த ₹200 மணியார்டர் கமிஷன்.